ஏறும்போதும் இறங்கும்போதும் 9.8 தான்: தடையற்ற வீழ்ச்சிக் கணக்குகளைப் போடும் முறை

தடையற்ற வீழ்ச்சிக் கணக்குக்கு வேண்டிய சூத்திரங்கள் மூன்றே மூன்று. அவை மூன்றும் தலைகீழாகத் தெரிந்தவர்களுக்கும் விடை தப்பிப் போகிறது. தப்பும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பிளஸ், மைனஸ் குறி. மற்றொன்று, கணக்கு எந்த நொடியில் தொடங்குகிறது, எந்த நொடியில் முடிகிறது என்பதைப் பார்க்காமல் எண்களைச் சூத்திரத்தில் போடுவது. இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மீதி எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு பொருள் தடையற்ற வீழ்ச்சியில் இருக்கிறது என்றால், அதன்மீது புவியீர்ப்பு விசை ஒன்று மட்டுமே செயல்படுகிறது என்று பொருள். 'வீழ்ச்சி' என்ற பெயரைப் பார்த்து, கீழே வரும் பொருள் மட்டும்தான் இதில் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. கையை விட்டு மேலே கிளம்பிய பந்தும் அந்த நொடியிலிருந்தே தடையற்ற வீழ்ச்சியில்தான் இருக்கிறது. அதன் முடுக்கம், அதாவது திசைவேகம் (திசையோடு சேர்ந்த வேகம்) ஒரு விநாடியில் மாறும் அளவு, கீழ்நோக்கி 9.8 மீ/விநாடி². ஏறும்போதும் அதுவே, உச்சியில் நிற்கும் அந்தக் கணத்திலும் அதுவே, இறங்கும்போதும் அதுவே. உச்சியில் திசைவேகம் பூஜ்யம் என்பது உண்மை. முடுக்கமும் பூஜ்யம் என்று எழுதுவது தவறு. அங்கே முடுக்கம் பூஜ்யமாக இருந்தால் பந்து கீழே வராது, அந்தரத்திலேயே நின்றுவிடும்.

பொருளின் நிறை கணக்கில் வரவே வராது. பண்ருட்டியில் 15 கிலோ பலாப்பழமும் ஒரு முந்திரிக்கொட்டையும் ஒரே உயரத்திலிருந்து ஒரே சமயத்தில் விழுந்தால் ஏறக்குறைய ஒன்றாகவே தரையைத் தொடும். பழத்தைப் பூமி இழுக்கும் விசை பல மடங்கு அதிகம்தான். ஆனால் அதே மடங்கு அதிக நிறையை அந்த விசை நகர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. 1971 ஆகஸ்டில் அப்பல்லோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு சுத்தியலையும் ஒரு பருந்து வகைப் பறவையின் இறகையும் ஒன்றாக விட்டார். காற்றே இல்லாத அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. ஆகவே கணக்கில் '2 கிலோ எடையுள்ள கல்' என்று வந்தால் அந்த 2-ஐ விட்டுவிடுங்கள். உங்களைக் குழப்புவதற்காகவே அதைப் போட்டிருப்பார்கள்.

4.9 எங்கிருந்து வருகிறது

சூத்திரத்துக்கு முன்னால் எண்ணைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஓய்விலிருந்து விட்ட பொருளின் வேகம் 1 விநாடி முடிவில் 9.8 மீ/விநாடி. அந்த ஒரு விநாடியில் அது 9.8 மீட்டர் விழுந்திருக்கும் என்று தோன்றும். இல்லை. பூஜ்யத்தில் தொடங்கி 9.8 வரை வேகம் சீராக ஏறியிருப்பதால் சராசரி வேகம் 4.9 தான். எனவே விழுந்த தூரம் 4.9 மீட்டர். சூத்திரத்தில் வரும் அந்த 'அரை' இந்தச் சராசரியிலிருந்து வருவதுதான்.

2 விநாடிகளில் 4.9 × 4 = 19.6 மீ. 3 விநாடிகளில் 4.9 × 9 = 44.1 மீ. 4 விநாடிகளில் 78.4 மீ. இந்த நான்கு எண்களும் நினைவில் இருந்தால் தேர்வில் ஒரு வசதி உண்டு. கணக்கில் உயரம் 19.6, 44.1, 78.4 என்று வந்தால், கணக்கை எழுதியவர் 9.8-ஐ வைத்து எழுதியிருக்கிறார். 20, 45, 80, 125 என்று வந்தால் அவர் மனத்தில் இருந்தது 10. கேள்வித்தாளில் மதிப்பு கொடுத்திருந்தால் அதையே எடுங்கள். கொடுக்காதபோது இந்த எண்கள் துப்புக் கொடுக்கும். நடுவில் மாற்றி, ஒரு வரியில் 9.8, அடுத்த வரியில் 10 என்று எடுத்தால்தான் விடை எங்கேயோ போய் நிற்கும்.

உண்மையில் புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்த முடுக்கம் சுமார் 9.78. நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832, நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சற்றுக் குறைவு. 44.1 மீ விழ ஆகும் 3 விநாடியில் இதனால் வரும் வேறுபாடு விநாடியில் ஆயிரத்தில் மூன்று பங்கு. தேர்வுக் கணக்கில் அதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

குறியை ஒரே முறை முடிவு செய்யுங்கள்

புத்தகத்தில் யு என்று இருப்பது தொடக்கத் திசைவேகம், வி இறுதித் திசைவேகம், எஸ் இடப்பெயர்ச்சி, டி நேரம். பல புத்தகங்கள் கீழே விழும் பொருளுக்கு ஒரு மூன்று சூத்திரம், மேலே எறிந்த பொருளுக்கு வேறொரு மூன்று சூத்திரம் என்று ஆறாகக் கொடுக்கின்றன. இந்தப் பழக்கத்தை விடுவது நல்லது. மேலே போய்க் கீழே வரும் பொருளுக்கு எந்த மூன்றை எடுப்பது என்ற குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. மேல்நோக்கு பிளஸ், கீழ்நோக்கு மைனஸ் என்று ஒரே முறை வைத்துக்கொண்டால் எல்லாக் கணக்குக்கும் இந்த மூன்றே போதும்:

வி = யு − 9.8 டி
எஸ் = யு டி − 4.9 டி²
வி² = யு² − 19.6 எஸ்

முடுக்கத்தின் மைனஸ் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அதை இனித் தொடக்கூடாது. நீங்கள் குறி போட வேண்டியது யு, வி, எஸ் மூன்றுக்கும்தான். மேல்நோக்கி எறிந்தால் யு பிளஸ், கீழ்நோக்கி எறிந்தால் மைனஸ், சும்மா விட்டால் பூஜ்யம். எஸ் என்பது பயணம் செய்த தூரம் அல்ல, கிளம்பிய இடத்திலிருந்து முடிந்த இடம் எவ்வளவு மேலே அல்லது கீழே என்பது. கிளம்பிய இடத்துக்குக் கீழே முடிந்தால், நடுவில் எவ்வளவு உயரம் போய் வந்திருந்தாலும் எஸ் மைனஸ்தான்.

கீழ்நோக்கைப் பிளஸாக வைத்தும் போடலாம், விடை ஒன்றுதான். ஒரே கணக்குக்குள் இரண்டையும் கலக்கக் கூடாது, அவ்வளவே.

எளிய கணக்கு ஒன்று. 10 மீ உயரத் தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. யு = 0, எஸ் = −10. மூன்றாவது சூத்திரப்படி வி² = 0 − 19.6 × (−10) = 196. வர்க்கமூலம் 14, கீழ்நோக்கி வருவதால் வி = −14 மீ/விநாடி. முதல் சூத்திரத்தில் போட்டால் −14 = −9.8 டி, டி = 1.43 விநாடி. 14 மீ/விநாடியை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 50.4 கிலோமீட்டர். தென்னை மரத்தடியில் கட்டில் போடக் கூடாது என்று வீட்டில் சொல்வதன் கணக்கு இது.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு: 'தரையைத் தொட்டதும் நின்றுவிடும், அதனால் வி = 0.' தேங்காய் நிற்பது உண்மைதான். ஆனால் அதை நிறுத்துவது தரை. தரை தொட்ட நொடியில் இன்னொரு விசை வந்துவிட்டது, தடையற்ற வீழ்ச்சி முடிந்துவிட்டது, நம் சூத்திரமும் அத்துடன் செல்லாது. கேட்கும் வேகம், தரையைத் தொடுவதற்குச் சற்று முந்தைய கணத்தின் வேகம். தொடக்கத்துக்கும் இதே விதிதான். கை பந்தை உந்திக்கொண்டிருக்கும் நேரம் கணக்கில் சேராது. கை விட்டபின் பந்துக்கு இருக்கும் வேகமே யு. பந்து தரையில் பட்டுத் துள்ளினால், துள்ளலுக்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு. இரண்டையும் ஒரே சமன்பாட்டில் அடைக்க முடியாது.

கலங்கரை விளக்கத்திலிருந்து ஒரு பந்து

குறியின் முழுப் பலனும் தெரிய ஒரு கணக்கை முழுதாகப் போடுவோம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 1836-இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதன் ஒரு ஜன்னல் தரையிலிருந்து 19.6 மீ உயரத்தில் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அங்கிருந்து ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே 14.7 மீ/விநாடி வேகத்தில் எறிகிறோம். அது மேலே போய், திரும்பி, ஜன்னலைத் தாண்டித் தரைக்கு வருகிறது. எத்தனை விநாடி ஆகும்?

யு = +14.7. முடியும் இடம் தரை. அது கிளம்பிய இடத்துக்கு 19.6 மீ கீழே. எனவே எஸ் = −19.6. இரண்டாவது சூத்திரம்:

−19.6 = 14.7 டி − 4.9 டி²

எல்லாவற்றையும் 4.9-ஆல் வகுத்து ஒரு பக்கம் கொண்டுவந்தால்:

டி² − 3 டி − 4 = 0
(டி − 4)(டி + 1) = 0

டி = 4 அல்லது டி = −1. எறிந்த பிறகு நடப்பதையே கேட்கிறோம், ஆகவே விடை 4 விநாடி. தரையைத் தொடும்போது வி = 14.7 − 9.8 × 4 = −24.5 மீ/விநாடி.

இதை இரண்டாக உடைத்தும் சரிபார்க்கலாம். மேலே ஏற 14.7 ÷ 9.8 = 1.5 விநாடி. ஏறிய உயரம் 4.9 × 2.25 = 11.025 மீ. உச்சி தரையிலிருந்து 30.625 மீ. அங்கிருந்து விழ 30.625 ÷ 4.9 = 6.25, அதன் வர்க்கமூலம் 2.5 விநாடி. 1.5 + 2.5 = 4. பொருந்துகிறது. உடைத்துப் போடுவது தவறல்ல. ஆனால் படிகள் கூடுகின்றன, படி கூடினால் பிழைக்கும் இடம் கூடுகிறது. சமன்பாட்டுக்கு உச்சியைப் பற்றிக் கவலையே இல்லை. முடுக்கம் வழி நெடுக ஒன்றாகவே இருப்பதால் ஏற்றமும் இறக்கமும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன.

தள்ளிவிட்ட −1-க்கும் ஒரு பொருள் இருக்கிறது. இதே பந்தை யாரோ தரையிலிருந்து 24.5 மீ/விநாடி வேகத்தில் மேலே எறிந்திருந்தால், சரியாக 1 விநாடியில் அது ஜன்னலைக் கடக்கும்போது அதன் வேகம் 14.7 ஆக இருந்திருக்கும். அதாவது நாம் எறிவதற்கு 1 விநாடி முன்னால் தரையிலிருந்து கிளம்பிய பந்தும் இதே பாதையில்தான் வந்திருக்கும். சமன்பாட்டுக்கு ஜன்னலில் கை இருந்தது தெரியாது, பாதை மட்டுமே தெரியும்.

இப்போது அதே ஜன்னலிலிருந்து அதே 14.7 வேகத்தில் பந்தைக் கீழ்நோக்கி எறியுங்கள். யு = −14.7. சமன்பாடு டி² + 3 டி − 4 = 0 ஆகிறது. டி = 1 விநாடி. வி = −14.7 − 9.8 = −24.5. மேலே எறிந்தாலும் கீழே எறிந்தாலும் தரையைத் தொடும் வேகம் ஒன்றே! மேலே எறிந்த பந்து திரும்பி ஜன்னலுக்கு வரும்போது அதே 14.7 வேகத்தில் கீழ்நோக்கித்தான் வருகிறது. அதன்பின் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. மேலே போய் வந்த 3 விநாடிதான் கூடுதல்.

கணக்கில் யு-வின் குறியை மட்டும் தவறவிட்டால் 4-க்குப் பதில் 1 வரும். கணக்கு அழகாகத் தீர்ந்துபோவதால் தவறு என்ற சந்தேகமே வராது. அதனால்தான் குறியை எழுதிவிட்டுச் சூத்திரத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில், விடைத்தாளின் ஓரத்தில் ஒரு சிறு படம் போடுங்கள்: மேல்நோக்கி ஓர் அம்புக்குறி, அதன் அருகில் பிளஸ், கிளம்பும் புள்ளி, முடியும் புள்ளி. அதற்குக் கீழே யு, வி, எஸ், டி என்று நான்கு வரி. தெரிந்ததற்குக் குறியோடு எண், கேட்டதற்குக் கேள்விக்குறி. நான்கில் எது கணக்கில் தலைகாட்டவே இல்லையோ, அது இல்லாத சூத்திரத்தை எடுங்கள்.

'விடப்பட்டது' என்றால் எப்போதும் பூஜ்யமா?

மழை வெள்ளத்தில் ஊர் தீவாகிவிட்டது. 58.8 மீ உயரத்தில், 4.9 மீ/விநாடி வேகத்தில் செங்குத்தாக மேலேறிக்கொண்டிருக்கும் ஹெலிகாப்டரிலிருந்து ஓர் உணவுப் பொட்டலம் விடப்படுகிறது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கணக்கில் மட்டும் பலர் சறுக்குவார்கள். 'விடப்படுகிறது' என்றதும் யு = 0 என்று எழுதுவார்கள்.

பொட்டலம் கையில் இருந்தவரை ஹெலிகாப்டரோடு சேர்ந்து மேலே போய்க்கொண்டிருந்தது. விட்ட கணத்தில் அந்த வேகம் எங்கும் போய்விடாது. யு = +4.9. எஸ் = −58.8.

−58.8 = 4.9 டி − 4.9 டி²
டி² − டி − 12 = 0
டி = 4 விநாடி

யு = 0 என்று எடுத்திருந்தால் 3.46 விநாடி வந்திருக்கும். தரையிலிருந்து பார்ப்பவருக்குப் பொட்டலம் அரை விநாடி மேலே ஏறி, பிறகே கீழே வரும். ஹெலிகாப்டருக்குள் இருப்பவருக்கு அது விட்டவுடன் கீழே போவதாகத்தான் தெரியும். தரையைத் தொடும் வேகம் 34.3 மீ/விநாடி, மணிக்கு ஏறக்குறைய 123 கிலோமீட்டர். காற்றின் தடையைச் சேர்த்தால் இது குறையும். அப்படியும் உள்ளே பால் பாக்கெட் இருந்தால் தேறாது.

கேள்வியைப் படிப்பதில் இன்னொரு கண்ணி: '3 விநாடிகளில் விழும் தூரம்' 44.1 மீ. 'மூன்றாவது விநாடியில் விழும் தூரம்' 44.1 − 19.6 = 24.5 மீ. பின்னது, 2-ஆம் விநாடி முடிவிலிருந்து 3-ஆம் விநாடி முடிவு வரை. இதற்குத் தனிச் சூத்திரம் உண்டு. ஆனால் இரண்டைக் கழிப்பது அதைவிடப் பத்திரம். ஒவ்வொரு விநாடியிலும் விழும் தூரங்கள் 4.9, 14.7, 24.5, 34.3 என்று போகும். 4.9-ஆல் வகுத்தால் 1, 3, 5, 7. இந்த ஒற்றைப்படை வரிசையைச் சொன்னவர் கலிலியோ. நேராக விழும் பொருளின் நேரத்தை அளக்க அன்று கருவி இல்லாததால், சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி இயக்கத்தை மெதுவாக்கி அளந்தார்.

கிணற்றில் போட்ட கல்

கிணற்றில் கல்லைப் போட்டு 2 விநாடி கழித்துச் சத்தம் கேட்கிறது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில்? உடனே 19.6 மீ என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த 2 விநாடியில் கல் விழுந்த நேரமும் சத்தம் மேலே வந்த நேரமும் சேர்ந்திருக்கின்றன. முறையாகப் போட்டால் இருபடிச் சமன்பாடு வரும். அதைவிட எளிய வழி, ஒரு விடையை வைத்துக்கொண்டு திருத்திக்கொண்டே போவது. நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 350 மீ/விநாடி. ஆழம் 19.6 என்றால் சத்தம் வர 0.056 விநாடி. அப்படியானால் கல் விழுந்தது 1.944 விநாடி, ஆழம் 4.9 × 1.944² = 18.52 மீ. இதை வைத்து மறுபடி: சத்தத்துக்கு 0.053, கல்லுக்கு 1.947, ஆழம் 18.58. இன்னொரு முறை போட்டாலும் இதுவே வரும். ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கை விட்டதற்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பிழை. நேரம் வர்க்கமாக வருவதால், நேரத்தில் செய்யும் சிறு பிழை, சதவீதத்தில் பார்த்தால், ஆழத்தில் இரண்டு மடங்காகத் தெரியும். இதே காரணத்தால் கணக்கின் நடுவில் நேரத்தை ஒரு தசமத்தோடு வெட்டிவிடாதீர்கள். கடைசி வரி வரை மூன்று தசமங்களாவது இருக்கட்டும்.

எங்கே இந்தக் கணக்கு செல்லாது

காற்றைக் கணக்கில் எடுக்காததுதான் நம் முழுக் கணக்கின் அடித்தளம். சில மீட்டர் விழும் கல், தேங்காய், இரும்புக் குண்டு ஆகியவற்றுக்கு அது பரவாயில்லை. மழைத்துளிக்கு அறவே பொருந்தாது. ஐப்பசி மழையின் ஒரு துளி 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தடையின்றி விழுந்தால், வி² = 19.6 × 2000, அதாவது வேகம் 198 மீ/விநாடி. மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். குடை கிழிந்துவிடும், கூரை ஓடும் தப்பாது. உண்மையில் பெரிய துளிகூட ஏறக்குறைய 9 மீ/விநாடி வேகத்தில்தான் வருகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடை கூடி, ஒரு கட்டத்தில் எடைக்குச் சமமாகிவிடுகிறது. அதற்கு மேல் வேகம் ஏறாது. அதைத்தான் முற்றுத் திசைவேகம் என்கிறோம். விடை நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக வந்தால், கணக்கில் தவறா, அல்லது காற்றை விட்டது தவறா என்று இரண்டையும் பாருங்கள்.

போட்டுப் பார்க்க மூன்று

தரையிலிருந்து மேலே எறிந்த பந்து 6 விநாடி கழித்து எறிந்தவர் கைக்கே வருகிறது. எறிந்த வேகம் என்ன, எவ்வளவு உயரம் போனது? எஸ் = 0 என்று வைப்பதுதான் சூட்சுமம். விடை 29.4 மீ/விநாடி, 44.1 மீ.

ஓய்விலிருந்து விழும் கல், மொத்த உயரத்தில் பாதியைக் கடைசி 1 விநாடியில் கடக்கிறது. மொத்த நேரம்? முதல் பாதிக்கு டி − 1, முழுமைக்கு டி என்று இரண்டு வரி எழுதுங்கள். 3.41 விநாடி வரும், உயரம் சுமார் 57 மீ. கூடவே 0.59 என்றும் ஒரு விடை வரும். மொத்த நேரமே 1 விநாடிக்குக் குறைவாக இருக்க முடியாது என்பதால் அதை விலக்க வேண்டும்.

மாறாத வேகத்தில் மேலேறும் ஒரு லிஃப்டின் கூரையிலிருந்து ஸ்க்ரூ கழன்று விழுகிறது. கூரைக்கும் தளத்துக்கும் இடையே 2.45 மீ. தளத்தைத் தொட எவ்வளவு நேரம்? லிஃப்டின் வேகத்தைக் கொடுக்கவில்லையே என்று தேட வேண்டாம். கழன்ற கணத்தில் ஸ்க்ரூவுக்கும் அதே வேகம்தான், தளமும் அதே வேகத்தில்தான் மேலே வருகிறது. லிஃப்ட் நின்றுகொண்டிருந்தால் எவ்வளவோ அவ்வளவே: 0.71 விநாடி. லிஃப்ட் முடுக்கத்தோடு ஏறினால் மட்டும் விடை மாறும், நேரம் இன்னும் குறையும்.